பெரியவ நல்லவளாவே இருக்கட்டும்

— ‘உங்க சின்னவளுக்கு இன்னும் எத்தனை நாள் அழுகை பாக்கி இருக்கு?’ன்னு கேட்டாருக்கா அந்தப் பல் டாக்டர். என் வாயில ரெண்டு கம்பி, ஒரு கண்ணாடி, ஒரு மூட்டைப் பஞ்சு. நான் என்னத்தைச் சொல்ல?

— தலையாட்டியிருக்கலாமே.

— எத்தனை நாள்னு கேட்டா எப்படித் தலையாட்டுறது?

— அந்த மனுஷனும் தினம் நம்ம சீரியலைப் பாக்குறார். அதுக்குச் சந்தோஷப்படாம, திட்டு வாங்கின மாதிரி வந்து உக்காந்திருக்கே. எலி, அந்த யூனிஃபார்ம் நாலையும் இப்படி எடு. பேசிக்கிட்டே தேய்ச்சிடறேன்.

— திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. அன்பாக் கேட்டார். அதான் உறுத்துது. மொத வருஷம் யாரைப் பாத்தாலும் ‘நாளைக்கு என்ன ஆகும்?’னு கேட்டாங்க. இப்ப எல்லாரும் ‘எப்ப ஆகும்?’னு கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணா?

— எனக்குத் தெரியாதுடி. நான் இன்னும் மொதக் கேள்வியிலயே நிக்கிறேன்.

— நீ என் அக்கா. உன்னைக் கணக்குல சேத்துக்க முடியாது.

— ஏன் முடியாது? அறுநூறு நாள்ல ஒரு நாள் விட்டிருப்பேனா? எங்க வார்டுல ஏழரை மணிக்கு டி.வி.யைப் போட்டா, ஊசிக்கு அழுத பிள்ளைகூட வாயை மூடிடும். அம்மாக்காரிங்க எல்லாம் என்னைப் பாத்து ‘வந்துட்டாங்க நம்ம பெரியவ’ங்கிறாங்க. போன வாரம் ஒருத்தி பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகும்போது, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘எனக்கு உங்களை மாதிரி ஒரு அக்கா இல்லையே சிஸ்டர்’னு கண்ணு கலங்குறா. எனக்காகக் கலங்குறாளா, அந்த நடிகைக்காகவான்னு எனக்கே புரியல.

— நீ யாருகிட்டயாவது சொன்னியா, அந்தப் பெரியவ நீதான்னு?

— நான் ஏன் சொல்றேன்? தங்கச்சி எழுதுறாங்கிறது தெரியும். மத்ததை அவங்களாக் கூட்டிக்கிட்டாங்க. அம்மா இல்லாத வீடு, அப்பா படுக்கையில, அக்கா நர்சு, தங்கச்சி வீட்டோட. இதுக்கு மேல என்னத்தை ஒளிக்க? ஆனா ஒண்ணு. அந்த நடிகைக்கு என் நடை வரல.

— நானும் நூறு தடவை சொல்லிட்டேன்க்கா.

— நான் எப்படி நடக்குறேன்?

— ஊசி போடப் போற மாதிரி.

— போடி! சரி, சுத்தி வளைக்காதே. அஞ்சு மணிக்கு டைரக்டருக்கு என்ன சொல்லப் போறே?

— முடிச்சுடலாம்னு. இன்னும் பத்தே நாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோட சரி.

— உனக்குப் பைத்தியந்தான் பிடிச்சிருக்கு. டி.வி.க்காரங்களே ‘இன்னும் ஒரு வருஷம் ஓட்டுங்க’ன்னு வந்து கேக்குறாங்க. நீ ஓடுற வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டு இறங்குறேங்கிறே.

— நடுரோடு இல்ல. வீடு வந்து ரொம்ப நாளாச்சு. இறங்க மனசில்லாம அதே தெருவைச் சுத்திச் சுத்தி வர்றோம். நீயே சொல்லு, போன மாசம் கதவைத் தட்டினது என்னிக்கு?

— திங்கக்கிழமை.

— திறந்தது?

— வியாழக்கிழமை.

— திறந்தா யாரு?

— பால்காரர்.

— பாத்தியா!

— என்ன பாத்தியா? அந்த மூணு ராத்திரியும் நான் ஒழுங்காத் தூங்கல, தெரியுமா? வந்தது பால்காரரா இருந்தா என்ன? தட்டினாரே!

— இதுக்குத்தான் உன்னைக் கணக்குல சேக்க மாட்டேங்கிறேன். அக்கா, உனக்குப் புரியிற மாதிரி கேக்குறேன். உன் வார்டுல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சு. நல்லாச் சாப்பிடுது, கட்டில்ல ஏறிக் குதிக்குது. அதை இன்னும் ரெண்டு வாரம் அங்கேயே வச்சிருப்பியா?

— வச்சிருக்க விட மாட்டேன். சண்டை போட்டாவது அனுப்பிடுவேன்.

— ஏன்?

— பக்கத்துக் கட்டில் இருமல் இதுக்கு ஒட்டிக்கும். ஒரு நோய்க்கு வந்த பிள்ளை மூணு நோயோட போகும்.

— என் கதையும் அதேதான்க்கா. காய்ச்சல் விட்டுப்போச்சு. வீட்டுக்கு அனுப்பு.

— வாயிருக்கிற பிள்ளை பிழைச்சுக்கும்கிறது சரியாத்தான் இருக்கு. ஆனா எலி, ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. அடுத்த மாசக் கடைசியோட எனக்கு வேலை முடியுது. முப்பத்திரண்டு வருஷம். அதுக்கப்புறம் வார்டு இல்ல, பிள்ளைங்க இல்ல. சாயங்காலமானா இந்த வீட்டுல யாருடி பேசுவா? ஏழரை மணிக்கு அந்தப் பாட்டு வந்துட்டா, நாம ரெண்டு பேரும் அப்பாவும் பழைய வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். அதையும் பிடுங்கிட்டா நான் சுவரைப் பாத்துத்தான் உக்காந்திருக்கணும்.

— நான் வர்றேன். தினம் வந்து பேசுறேன்.

— நீயா? வாயில இருக்கிறதையெல்லாம் பேப்பர்ல கொட்டிட்டு இங்க வந்து வெறும் வாயை மென்னுக்கிட்டு உக்காந்திருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை?

— கடைசிக் காட்சியை வாசிக்கட்டுமா? கேட்டுட்டுச் சொல்லு. நல்லாயில்லைன்னா முடிக்கல.

— வாசி. ஆனா என் வாயால நல்லாயில்லைன்னுதான் வரும்.

— நீ வாயால சொல்ல வேண்டாம். உன் இஸ்திரிப் பெட்டி சொல்லும். காட்சி நல்லா இருந்தா அது தானா நிக்கும். அறுநூறு நாளா அதைப் பாத்துத்தானே எழுதுறேன்.

— அடிப்பாவி! ஞாயித்துக்கிழமை தவறாம பேப்பரைத் தூக்கிட்டு வர்றது இதுக்குத்தானா?

— கேளு. சாயங்காலம். வாசல்ல அந்த நாற்காலி. பொண்ணு கேக்க வர்றேன்னுட்டுப் போன டைப் மாஸ்டர் வருவார்னு இத்தனை வருஷமா சின்னவ உக்காந்திருந்த நாற்காலி. அவ வெளிய வர்றா. தெருவைப் பாக்கல. நாற்காலியைத் தூக்குறா, உள்ள கொண்டுபோய், அக்கா சாப்பிடுற மேசைகிட்ட போடுறா. ‘இன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து சாப்பிடலாம்க்கா’ங்கிறா. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? அந்த டைப் மாஸ்டர் வர மாட்டானா?

— வர மாட்டான். எதுக்கு வரணும்? அவ அவனை விட்டுட்டா.

— ம்.

— பெட்டி நிக்கலையே.

— காட்சி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பிடிக்கல. பாவம்டி அவ. வெறும் நாற்காலியைத் தூக்கிட்டுப் போறதுக்கா அறுநூறு நாள்?

— எனக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சேக்கா, அந்த நாற்காலியைத் தூக்க. அவ பரவால்ல.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— ஊர் உலகத்துக்கு அவன் டைப் மாஸ்டர். நிஜத்துல யாருன்னு உனக்கும் எனக்கும் தெரியாதா? ‘ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து உங்க அப்பாகிட்ட கேக்குறேன்’னுட்டுப் போனவர். ஊருக்கெல்லாம் கடிகாரம் ரிப்பேர் பண்ணிக் குடுத்தவர், நேரத்துக்கு வரல. மறுவாரம் போய்ப் பாத்தா கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார். ஒரு வார்த்தை இல்ல. நான்கூட நினைச்சேன், அப்பா படுக்கையில கிடக்கிறதை நினைச்சுப் பயந்துட்டார் போலன்னு.

— விடுடி. பழசு.

— விட்டுட்டேன்க்கா. அதைத்தான் சொல்றேன். எழுதி எழுதித்தான் விட்டேன். மொத வருஷம் அவர் மேல எவ்வளவு கோபத்தோட எழுதினேன் தெரியுமா? இப்ப எழுத உக்காந்தா கோபமே வரல. கோபம் போனதுக்கப்புறம் அதே ஆளைத் திட்டி எழுதினா அது பொய்யி. பாக்குறவங்களுக்கும் தெரிஞ்சுடும்.

— அப்ப வேற ஏதாவது எழுது. எனக்காக ஆறு மாசம். ஆறே மாசம், எலி. நான் வேலையை விட்டு வந்து, வீட்டுக்குப் பழகுற வரைக்கும். கதையில இன்னும் ஒண்ணுமே இல்லையா?

— இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அதை நினைச்சுத்தான் நான் முடிச்சுடலாம்னு ஓடுறேன்.

— என்னது?

— இப்ப நம்ம கதையில கெட்டவங்க யாரு இருக்காங்க, சொல்லு. அத்தை திருந்திட்டா. வீட்டு ஓனர் மன்னிப்புக் கேட்டுட்டார். சித்தப்பா...

— எந்தச் சித்தப்பா? அந்த வேஷத்துக்கு மூணு பேர் மாறிட்டாங்க. கடைசியா வந்த ஆளுக்கு மீசையே ஒட்டல.

— யாரு நடிச்சா என்ன, சித்தப்பா செத்தாச்சு. கெட்டவங்க கையிருப்பு தீந்துபோச்சு. இனிமே கதையில புதுசா ஒரு முடிச்சுப் போடணும்னா நல்லவங்களைத்தான் கெட்டவங்களாக்கணும். வேற வழியே இல்ல. எந்தக் கதையையும் அளவுக்கு மேல ஓட்டினா அதுதான் நடக்கும். ஒருத்தர்கூட நல்லவரா மிஞ்ச மாட்டாங்க.

— யாரைக் கெட்டவளாக்கணுமாம்?

— பெரியவளை.

— என்ன?

— எங்க குழுவுல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. சோடாபுட்டிக் கண்ணாடி, வாயைத் திறந்து பேசவே பேசாது. போன வாரம் திடீர்னு சொல்லுது: ‘மேடம், டைப் மாஸ்டர் வராம இல்ல. வந்தார். சின்னவ வீட்டுல இல்லாத நேரத்துல வந்தார். பெரியவதான் வாசல்லயே வச்சுத் திருப்பி அனுப்பிட்டா’ன்னு. டைரக்டர் எந்திரிச்சு நின்னு கை தட்டுறார். நான்தான் சிரிச்சுட்டேன். ‘எங்க அக்காவைத் தெரியாம பேசாதேம்மா’ன்னேன்... அக்கா! அக்கா, துணி! கருகுது, எடு எடு!

— ஐயோ.

— போச்சு. யூனிஃபார்ம் போச்சு. கையில சுட்டுக்கிட்டியா?

— இல்ல. ஒண்ணுமில்ல. பழைய துணிதான். விடு.

— பெட்டி நின்னுடுச்சு!

— என்ன?

— பெட்டி நின்னுடுச்சுக்கா. அறுநூறு நாள்ல துணி கருகுற அளவுக்கு எந்தக் காட்சிக்கும் நிக்கல. அந்தச் சோடாபுட்டி சரியாத்தான் சொல்லியிருக்கா.

— எலி, முடிச்சுடு.

— எதை?

— சீரியலைத்தான். நீ சொன்னதுதான் சரி. நாற்காலியைத் தூக்கி உள்ள வச்சிட்டு முடிச்சுடு. அஞ்சு மணி வரைக்கும் எதுக்கு? இப்பவே போன் போட்டுச் சொல்லிடு.

— இப்பதானே ஆறு மாசம் கேட்டே?

— கேட்டேன். புத்தியில்லாம கேட்டேன். பெரியவ அப்படிச் செய்ய மாட்டா. ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. என்னை வார்டுல தலை நிமிந்து நடக்க விட மாட்டாங்க.

— நீ ஏன் உன் மேல எடுத்துக்கறே? அது கதை. இரு, பேனா எங்க... நானும் ஒத்துக்க மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். ஆனா உன் முகம் போற போக்கைப் பாத்தா, ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷம் ஓடும் போல இருக்கே. அவ ஏன் அப்படிச் செஞ்சாங்கிறது மட்டும் எனக்குப் பிடிபடல. கெட்டவளா இருந்து செய்யக் கூடாது. நல்லவளா இருந்தே செஞ்சிருக்கணும். அது எப்படி?

— எழுதாதேன்னு சொல்றேன்ல.

— நீ நர்சு, நீ சொல்லு. பெரியவ இடத்துல நின்னு சொல்லு. பொறாமையா?

— பொறாமை இல்ல. சும்மா தெரியாம எழுதாதே.

— அப்புறம்?

— அவளுக்கு நைட் டியூட்டி. மாசத்துல பாதி நாள் ராத்திரி வீட்டுல இருக்க மாட்டா. அப்பாவை ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். வைக்கலைன்னா முதுகெல்லாம் புண்ணாயிடும். சின்னவ போயிட்டா யாரு புரட்டுவா? இவ வேலையை விட்டா யாரு சோறு போடுவா? கெட்டவளாம்! அந்தச் சோடாபுட்டிக்கு என்ன தெரியும்?

— அக்கா, இது வசனம்! ‘சின்னவ போயிட்டா யாரு புரட்டுவா?’ இதை அப்படியே எழுதிக்கறேன். சரி, செஞ்சுட்டா. அப்புறம் ஏன் சொல்லவே இல்ல? அப்பா போனதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே?

— மொதல்ல பயமா இருந்திருக்கும். சின்னவ சாப்பிடாம கிடந்தப்ப ஒரு நாள் சொல்ல வாயெடுத்திருப்பா. அன்னிக்குப் பாத்து அது ஒரு நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு என்னவோ எழுத ஆரம்பிச்சிருக்கும். எழுதுறப்ப முகம் கொஞ்சம் தெளிவா இருந்திருக்கும். சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டிருப்பா. நாளைக்கு, நாளைக்குன்னு... அப்பா போனார். அப்புறம் அது எழுதி எழுதிப் பேர் வாங்கிடுச்சு. இனிமே சொல்லி எதைத் திருப்பிக் குடுக்கப் போறோம்னு இருந்திருப்பா.

— அக்கா, அக்கா... இத்தனை நாள் நீ ஏன் எழுத வரல? நானெல்லாம் சும்மா. சரி, அந்தக் காட்சி. மாஸ்டர் வர்ற காட்சி. நாலு மணின்னு சொன்னவர் முன்னாடியே வந்துடுறார். பெரியவ சின்னவளை எதுக்கோ வெளிய அனுப்பியிருக்கா. எதுக்கு? மருந்து வாங்க. நானும் அன்னிக்கு மருந்து வாங்கிட்டுத்தானே ஓடி வந்தேன், நாலடிக்கிறதுக்குள்ள. அதையே வச்சுக்கலாம். வாசல்ல அவர் நிக்கிறார். நல்ல மழை. சட்டையெல்லாம் ஊறிப்போய் உடம்போட ஒட்டியிருக்கு. பெரியவ பாதிக் கதவைத் திறந்து...

— மழை இல்லடி.

— மழை இருந்தாத்தான்க்கா காட்சி எடுப்பா இருக்கும். ஜனங்க மனசு இளகும்.

— எடுப்பாவது! கண்ணைத் திறக்க முடியாத வெயில் அன்னிக்கு. கைக்குட்டையை மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு நின்னார். தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கல...

— யாரு கேக்கல? அக்கா, என்னிக்கு வெயில்?

— …

— பெட்டியை அணைச்சுட்டேன். நீ உக்காரு. நான் எழுதல, இதோ பேனாவை மூடிட்டேன். கைக்குட்டை நான் சொல்லலையே. என்னிக்கு? அக்கா, எங்க போறே? இது உன் வீடுக்கா. போறதுன்னா நான்தான் போகணும். செருப்புக்கூடப் போடாம... அக்கா, நில்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ ஏன் செஞ்சேன்னு கேக்க மாட்டேன். எவ்வளவு நேரம் நின்னார்னு மட்டும் சொல்லிட்டுப் போ.